அட்டெண்டர் அக்காக்களுக்கு ஒரு வகுப்பு

நர்ஸ் பதிவைப் புதுப்பிக்க எங்களுக்கு ஐந்தாண்டுக்கு 150 மணி நேரத் தொடர்கல்வி வேண்டும். அந்தக் கணக்கில் சேர்க்க ஒரு சனிக்கிழமை காலை படுக்கைப்புண் பற்றிய கருத்தரங்குக்குப் போயிருந்தேன். குளிரூட்டிய அரங்கு, கழுத்தில் அடையாள அட்டை, நடுவில் காபி, கடைசியில் சான்றிதழ். மதிய ஷிஃப்டுக்கு வார்டுக்குள் நுழைந்தால், பக்கவாதத்தில் படுத்திருந்த ஒரு பெரியவரைத் திருப்பிப் போட்டு, இடுப்புக்குக் கீழே நிறம் மாறியிருந்த இடத்தில் தேங்காயெண்ணெய் விட்டு அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தார், அவரைக் கூடவே இருந்து பார்த்துக்கொள்ளக் கூலிக்கு வந்த அட்டெண்டர் அக்கா. அப்படித் தேய்க்கவே கூடாது என்று கேட்டுவிட்டு வந்து மூன்று மணி நேரம்கூட ஆகவில்லை. வார்டே திரும்பிப் பார்க்கும்படி சத்தம் போட்டேன்.

எண்ணெய்க் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே அவர் சொன்னார்: "எனக்கு ஆரும் சொல்லித் தரலீங்க சிஸ்டர். எங்கம்மா படுத்திருந்தப்பவும் இப்பிடித்தானுங்க தேச்சு உட்டேன்."

அந்தப் பெரியவரின் பக்கத்தில் ஒரு ஷிஃப்டில் நான் நின்ற நேரத்தை எல்லாம் கூட்டினால் முக்கால் மணி நேரம் வரும். அந்த அக்கா இருபத்துநாலு மணி நேரமும் கூடவே இருந்தார். டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்குப் போனால் என் முக்கால் மணி நேரமும் கிடையாது, அவர் மட்டும்தான். எனக்கு 150 மணி நேரம் படிப்பு. அவருக்கு ஒரு நிமிடம்கூட யாரும் ஒதுக்கவில்லை. அன்றைக்கு அவரைத் திட்டியதற்கு நான் இன்றுவரை வருத்தப்படுகிறேன். மறுநாள் போய் மன்னிப்புக் கேட்டேன். சிவந்த இடத்தை என்ன செய்ய வேண்டும் என்று கட்டில் பக்கத்தில் நின்றே காட்டினேன். பத்து நிமிடம்தான். அவர் அதைப் பக்கத்துக் கட்டில் அட்டெண்டருக்குக் காட்டிக்கொண்டிருந்ததை மாலையில் பார்த்தேன். அட்டெண்டர்களுக்கு வகுப்பு எடுக்கும் என் தொழில் அந்தப் பத்து நிமிடத்தில் தொடங்கியது.

நான் இருக்கும் கோவையைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. 2021 கணக்குப்படி தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பதின்மூன்று பேருக்கு மேல் அறுபது வயதைத் தாண்டியவர்கள்; கேரளத்துக்கு அடுத்த இடம் நமக்குத்தான். கோவையில் இது இன்னும் கண்ணுக்குத் தெரியும். வடவள்ளி, துடியலூர், பேரூர்ப் பக்கம் போனால் முதியோருக்கென்றே கட்டிய குடியிருப்புகள் வரிசையாக இருக்கின்றன. பிள்ளைகள் பெங்களூரிலோ அமெரிக்காவிலோ இருப்பார்கள். அப்பா அம்மாவைப் பார்த்துக்கொள்வது வால்பாறையிலிருந்தும் தேனியிலிருந்தும் நீலகிரியிலிருந்தும் வந்தவர்கள். இப்போது ஒடிசாவிலிருந்தும் வருகிறார்கள். ஊர் அவர்களை "ஹோம் நர்ஸ்" என்கிறது, சில வீடுகளில் "ஆயா". அவர்கள் தங்களைச் சொல்லிக்கொள்வது "பேஷண்ட் பாத்துக்கிற வேலை" என்றுதான்.

பதினேழு வருட சர்வீஸுக்குப் பிறகு ஆஸ்பத்திரி வேலையை விட்டேன். முழுதாக விடவில்லை, வாரத்துக்கு மூன்று நைட் டியூட்டியை வைத்துக்கொண்டேன். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்லும் முதல் யோசனை இதுதான்: சம்பளத்தை ஒரே நாளில் அறுத்துவிடாதீர்கள். கையில் இருந்தது 1,80,000 ரூபாய். மாதம் 9,000 வாடகைக்கு ஒரு ஹால், இருபது நாற்காலி, ப்ரொஜெக்டர், பழைய ஆஸ்பத்திரிக் கட்டில் ஒன்று. மூன்று மாத வகுப்பு, ஞாயிறுதோறும் மூன்று மணி நேரம், கட்டணம் 3,000. பாடத்திட்டத்தை என் நர்ஸிங் புத்தகத்திலிருந்து எடுத்தேன். உடற்கூறு, ரத்த ஓட்டம், கிருமிகளின் வகைகள் என்று எல்லாம் முறையாக இருந்தது.

முதல் ஞாயிறு மூன்று பேர் வந்தார்கள். நான்காவது ஞாயிறு ஒருவர். நாலு மாதத்தில் ஹாலைக் காலி செய்தேன்.

காரணத்தை எனக்குச் சொன்னது கடைசிவரை வந்த அந்த ஒருவர்தான். வால்பாறை எஸ்டேட்டில் பிறந்தவர், பதினோரு வருடமாக இதே வேலை. "சிஸ்டர், நீங்க ஞாயித்துக்கிழமை லீவுன்னு நெனச்சு வெச்சிருக்கறீங்க. எங்களுக்கு ஞாயிறுன்னு ஒண்ணு இல்லீங்க. ஒரு நாள் வரலைன்னா அந்த நாள் கூலி போச்சு, ஏஜென்சிக்காரன் வேற ஆள மாத்தி உட்ருவான். மூவாயிரத்த நான் கட்டறது இருக்கட்டும், வந்து போற ஒவ்வொரு நாளும் எனக்கு ஐநூறு அறுநூறு போகுதுங்க."

கட்டணத்தை மட்டும்தான் நான் விலை என்று நினைத்திருந்தேன். அவருக்கு விலை என்பது கட்டணம், போன கூலி, பஸ் செலவு, வேலை பறிபோகும் பயம் எல்லாம் சேர்ந்தது. நான் கட்டணத்தைப் பாதியாகக் குறைத்திருந்தாலும் யாரும் வந்திருக்க மாட்டார்கள். பாடம் அவர்கள் இருக்கும் இடத்துக்குப் போக வேண்டும், அவர்களின் ஒரு நாள் கூலியையும் தொடக் கூடாது, பணத்தை வேறு யாராவது கட்ட வேண்டும். இந்த மூன்றும் பிடிபட்ட பிறகுதான் இது தொழிலானது.

முதலில் நேரம். பன்னிரண்டு மணி நேர டியூட்டிக்காரர்கள் காலை எட்டு மணிக்கு ஆள் மாறுவார்கள். இருபத்துநாலு மணி நேர டியூட்டிக்காரர்களுக்கு மதியச் சாப்பாடு கொடுத்துப் பேஷண்ட் கண்ணயரும் இரண்டரையிலிருந்து நாலு வரை கொஞ்சம் மூச்சுவிட நேரம் கிடைக்கும். ஒரு முதியோர் குடியிருப்பின் சங்கத்தாரிடம் பேசி, அவர்களுடைய சமுதாயக் கூடத்தில் அந்த ஒன்றரை மணி நேரத்தைக் கேட்டு வாங்கினேன். அறுபது நிமிடத்துக்கு மேல் பாடம் வைப்பதில்லை. அந்த நேரத்தில் பேஷண்டுகளை யார் பார்ப்பது என்பதற்கும் வழி வேண்டும். ஒரு மாடிக்கு இரண்டு பேர் வகுப்புக்கு வந்தால் இரண்டு பேர் மேலே இருப்பார்கள். அடுத்த நாள் மாற்றிக்கொள்வார்கள். அதனால் ஒரே பாடத்தை இரண்டு முறை எடுக்கிறேன். சலிப்பதில்லை, இரண்டாவது முறை எப்போதும் நன்றாக வருகிறது.

அடுத்தது பணம். இதில் மூன்று வாசல்களைத் தட்டினேன். குடியிருப்புச் சங்கங்கள் எளிதாக ஒத்துக்கொண்டன: ஒரு வகுப்புக்குத் தலைக்கு 250 ரூபாய், குறைந்தது 4,000. ஏஜென்சிகள்தான் கஷ்டம். "நீங்க சொல்லிக்குடுத்தா அவங்க சம்பளம் கூடக் கேப்பாங்க, இல்லன்னா தனியாப் போயிருவாங்க" என்று ஒருவர் நேராகவே சொன்னார். அந்தப் பயத்தில் உண்மை இருக்கிறது, நான் மறுக்கவில்லை. பதிலுக்கு நான் காட்டியது அவர்களுடைய புகார் நோட்டைத்தான். ஆள் மாற்றச் சொல்லி வந்த போன்களில் பாதிக்கு மேல் எதற்கு? புண் வந்துவிட்டது, கீழே விழவிட்டுவிட்டார், மாத்திரை மாறிப்போச்சு. ஒவ்வொரு மாற்றத்துக்கும் அவர்களுக்கு நாலு நாள் வரும்படி நிற்கிறது. அந்தக் கணக்கை அவர்கள் வாயாலேயே போட வைத்தால் பேச்சு முடிந்துவிடும். இரண்டு நிபந்தனைகளை மட்டும் எழுத்தில் வாங்கிக்கொள்வேன்: வகுப்புச் செலவை அட்டெண்டரின் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது, சான்றிதழை ஏஜென்சி வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது.

மூன்றாவது வாசல் நான் எதிர்பார்க்காதது. இன்று என் வருமானத்தில் பெரும்பங்கு அதுதான். வீடுகள். ஒரு மகள் துபாயிலிருந்து கூப்பிட்டார். அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறார், மூக்கில் குழாய், யூரின் பை, புதிதாக ஒரு அட்டெண்டர். "ரெண்டு மணி நேரம் வந்து அவங்களுக்குச் சொல்லிக்கொடுக்க முடியுமா?" 1,500 ரூபாய் கேட்டேன், பேசி முடித்த கையோடு ஜிபேயில் அனுப்பிவிட்டார். டிஸ்சார்ஜ் ஆகும் நாளும் அதற்கு அடுத்த நாளும்தான் ஒரு குடும்பம் இதற்குக் காசு கொடுக்கத் துடிக்கும் நேரம். ஒரு வாரம் கழித்துப் போனால் தட்டுத்தடுமாறி ஏதோ ஒரு பழக்கத்துக்கு வந்திருப்பார்கள், தவறான பழக்கமாக இருந்தாலும்.

வீட்டு வகுப்பில் ஒன்றை மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை. அட்டெண்டரும் மருமகளும் மகனும் ஒன்றாக உட்கார்ந்து கற்க வேண்டும், எல்லோருக்கும் நாற்காலி. பல வீடுகளில் அட்டெண்டர் தரையில் உட்கார்வார், மற்றவர்கள் சோபாவில் இருந்து "அவளுக்குச் சொல்லுங்க சிஸ்டர்" என்பார்கள். நான் சமையலறையிலிருந்து ஒரு ஸ்டூலை எடுத்து வந்து போடுவேன். கற்றுக்கொடுக்கும்போது அட்டெண்டரை விட்டுவிட்டு மகனைச் செய்யச் சொல்வேன். தன் அப்பாவைத் திருப்பிப் போடத் திணறும் மகன், அந்த அக்கா ராத்திரி நாலு முறை இதைத் தனியாகச் செய்கிறார் என்பதை அப்போதுதான் தெரிந்துகொள்கிறார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் அவரைக் கூப்பிடும் விதம் மாறுவதைப் பல முறை பார்த்திருக்கிறேன்.

இனி பாடம். உடற்கூறை எடுத்துப் போட்டுவிட்டு, ஒவ்வொரு வகுப்பையும் ஒரே கேள்வியில் தொடங்கினேன்: நேற்று ராத்திரி என்ன நடந்தது? அதில் வந்ததைத்தான் பாடமாக்கினேன். அடிக்கடி வந்தது தண்ணீர். "தண்ணி குடுத்தா பெரையேறுதுங்க, இருமிக்கிட்டே இருக்கறாருங்க."

செய்து காட்டச் சொன்னேன். ஒரு அக்கா டம்ளரை உதட்டில் படாமல் தூக்கிப் பிடித்து, பேஷண்டாக நடித்தவரின் தலையை அண்ணாக்க வைத்து ஊற்றினார். நம் வீடுகளில் குழந்தையிலிருந்து பழக்கியது அது. எச்சில் படாமல் குடிப்பதுதான் மரியாதை. நல்ல உடம்புக்காரர்களுக்கு ஒன்றும் ஆகாது. பக்கவாதம் வந்தவருக்கும் பார்க்கின்சன் நோய்க்காரருக்கும் விழுங்கும் தசைகள் மெதுவாக வேலை செய்யும். தலை பின்னால் சாய்ந்தால் மூச்சுக்குழாய் வாய் திறந்து தண்ணீர் நேராக நுரையீரல் பக்கம் இறங்கும். அதிலிருந்து நிமோனியா. எந்த நர்ஸிங் புத்தகத்திலும் "அண்ணாந்து குடிக்க வைக்காதே" என்று நான் படித்ததில்லை, ஏனென்றால் அந்தப் புத்தகம் எழுதியவர்கள் அப்படிக் குடிக்கிறவர்கள் இல்லை.

அதனால் வகுப்பில் எல்லோரும் அதைச் செய்து பார்க்கிறோம். கையில் ஒரு டம்ளர் தண்ணீர். முதலில் நிமிர்ந்து உட்கார்ந்து, தாடையைக் கொஞ்சம் நெஞ்சுப் பக்கம் இறக்கி ஒரு சின்ன வாய் விழுங்குங்கள். இப்போது தலையை அண்ணாந்தபடி அதே சின்ன வாயை விழுங்குங்கள். தொண்டையில் வித்தியாசம் தெரிகிறதா? முகங்கள் மாறும். ஸ்லைடில் அரை மணி நேரம் பேசியும் ஏறாதது அந்த இரண்டு வாய்த் தண்ணீரில் ஏறிவிடும். பிறகு சொல்வது எளிது: உட்கார வைத்துக் கொடு, ஸ்பூனில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடு, ஒரு வாய் இறங்கிய பிறகு அடுத்தது, சாப்பிட்டு முடித்து அரை மணி நேரம் படுக்க வைக்காதே. குழாய் வழியாகக் கொடுத்தாலும் தலைப்பக்கம் முப்பதிலிருந்து நாற்பத்தைந்து டிகிரி உயர்ந்திருக்க வேண்டும். இரண்டு தலையணை வைத்தால் கழுத்துதான் மடங்கும், முதுகோடு சேர்த்து உயர வேண்டும். பெரையேறுவது நிற்காவிட்டால் டாக்டரிடம் சொல்லி, விழுங்கும் பரிசோதனை செய்பவரிடம் அனுப்பச் சொல்ல வேண்டும்.

படுக்கைப்புண்ணிலும் இதே மாதிரி ஒன்றை நான் திருத்திக்கொள்ள வேண்டியிருந்தது. "சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுங்கள்; வெளுத்துச் சிவந்தால் பரவாயில்லை, வெளுக்காமல் அப்படியே சிவப்பாக இருந்தால் புண் தொடங்கிவிட்டது" என்று சொல்லிக்கொடுத்தேன். ஒரு அக்கா கேட்டார்: "எங்க பாட்டி கருப்புங்க சிஸ்டர், செவப்பே தெரியறதில்லீங்களே?" எங்கள் படங்கள் எல்லாம் வெள்ளைத் தோலில் எடுத்தவை. நம் தோலில் அந்த இடம் இன்னும் கருத்தோ ஊதாவாகவோ தெரியும். சில சமயம் நிறமே மாறாது. கையை வைத்துப் பார்க்க வேண்டும். பக்கத்து இடத்தைவிடச் சூடாக, கெட்டியாக அல்லது கொழகொழப்பாக இருக்கிறதா, தொட்டால் முகம் சுளிக்கிறாரா. இப்போது கண்ணை மூடிக்கொண்டு கையால் தேடச் சொல்லிக் கற்றுக்கொடுக்கிறேன். குதிகால், இடுப்புக்குழி, பின்மண்டை, காதுமடல்.

வாட்டர் பெட் வாங்கிப் போட்டாச்சே, எதற்குத் திருப்ப வேண்டும் என்று குடும்பங்கள் கேட்பார்கள். ஏர் பெட் என்றாலும் வாட்டர் பெட் என்றாலும் திருப்புவதற்கு அது மாற்று ஆகாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வலம், இடம், மல்லாக்க. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காக மூன்று படம் வரைந்து பீரோ கதவில் ஒட்டச் செய்தேன். அதன் மேல் ஒரு காந்தத்தை நகர்த்திக்கொண்டே போனால் போதும். இதைப் பார்த்து ஒடிசாப் பையன்களும் செய்கிறார்கள், மொழி தேவையில்லை.

பொம்மை வாங்கப் பணம் இல்லாததால் என் மாமியாரைப் பேஷண்டாகப் படுக்க வைத்தேன். எழுபத்திரண்டு வயது. அவர் எந்தப் பொம்மையும் சொல்லாததைச் சொன்னார். "கையப் புடிச்சு இழுக்காத கண்ணு, தோள்பட்ட கழண்டு போற மாதிரி இருக்குது." பக்கவாதத்தில் தொங்கும் கையைப் பிடித்துத் தூக்கினால் தோள்மூட்டு நிஜமாகவே விலகும். அடியில் ஒரு துப்பட்டியை மடித்துப் போட்டு, இரண்டு பேர் இரண்டு பக்கமும் சுருட்டிப் பிடித்து நகர்த்துவதை அன்றைக்கே அத்தனை பேரும் கற்றுக்கொண்டார்கள். மாமியார் இப்போதும் மாதம் இரண்டு வகுப்புக்கு வருகிறார். அவருக்கும் சம்பளம் உண்டு.

எங்கள் வகுப்புக்கு ஆள் சேர்ந்ததற்கு உண்மையான காரணம் பேஷண்ட் பாடம் எதுவும் இல்லை, முதுகு வலிப் பாடம். நாற்பது வயதுக்குள் பாதிப் பேருக்கு இடுப்பு பிடித்திருக்கிறது. வீட்டுக் கட்டில்கள் தாழ்வு; குனிந்தே திருப்ப வேண்டும். எழுந்து நடக்கவே முடியாத பேஷண்ட் என்றால் தச்சரிடம் சொல்லி நாலு காலுக்கும் குழி வைத்த மரக்கட்டை போட்டு உயர்த்தலாம். கொஞ்சமாவது எழுந்து நிற்கிறவர் என்றால் அதைச் செய்யக் கூடாது, விழுவார். "உங்க ஒடம்பப் பத்தியும் பேசறோம்" என்று சொன்ன பிறகுதான் அவர்கள் இன்னொருவரைக் கூட்டி வந்தார்கள். தொழிலாகப் பார்த்தாலும் இது எனக்குப் பெரிய பாடம். விளம்பரத்துக்கு நான் செலவழித்த பணம் எல்லாம் வீண்; ஒரு அட்டெண்டர் இன்னொரு அட்டெண்டரிடம் பஸ்ஸில் சொல்வதுதான் எனக்கு வேலை கொண்டுவந்தது.

செய்யக் கூடாதவை எவை என்பதற்கு ஒரு முழு வகுப்பு. ஊசி போடுவது, மூக்குக் குழாய் கழன்றால் திரும்பப் போடுவது, டாக்டர் சொல்லாமல் மாத்திரையை நிறுத்துவது, கூட்டுவது. இவை எதுவும் அவர்கள் வேலை இல்லை. வீட்டார் "நீங்கதான் ஹோம் நர்ஸ் ஆச்சே, போட்டு விடுங்க" என்று நெருக்கும்போது மறுப்பது சுலபம் இல்லை, வேலை போய்விடும். அதனால் மறுக்கும் வாக்கியத்தையே பயிற்சி செய்கிறோம். ஒருவர் கோபக்கார மகனாக நடிப்பார், இன்னொருவர் சொல்வார்: "சார், இது நான் செஞ்சா ஐயாவுக்கு ஆபத்துங்க. சிஸ்டருக்குப் போன் போட்டுத் தாரேன், பேசுங்க." சொல்லச் சொல்லக் குரல் நிமிர்வது காதில் கேட்கும்.

சர்க்கரை குறைவதற்குத் தனியாக ஒரு அட்டை அச்சடித்தேன். வியர்த்துக் கொட்டுகிறது, கை நடுங்குகிறது, பேச்சு குழறுகிறது, மீட்டரில் 70-க்குக் கீழே. விழுங்க முடிகிற நிலை என்றால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து கொடுத்து, பதினைந்து நிமிடத்தில் மறுபடி பார்க்க வேண்டும். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் ஒருக்களித்துப் படுக்க வைத்து 108. கணபதிப் பகுதியில் ஒரு வீட்டில் விடியற்காலை மூன்று மணிக்கு ஒரு அக்கா இதை அப்படியே செய்தார். காலையில் அவர் அனுப்பிய வாய்ஸ் மெசேஜில் குரல் இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது. நான் அதை அழிக்காமல் வைத்திருக்கிறேன்.

வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறேன். வாரம் இரண்டு வாய்ஸ் மெசேஜ், இரண்டு நிமிடத்துக்கு மேல் போகாது. வேலை செய்துகொண்டே கேட்கலாம். தொடங்கிய புதிதில் ஒருவர் புண்ணைக் காட்ட ஒரு பாட்டியின் படத்தைக் குழுவில் போட்டுவிட்டார், முகமும் உடம்பும் தெரிய. உடனே அழித்தேன், குடும்பத்திடம் நானே போய்ச் சொன்னேன், அவர்கள் வருந்தியது நியாயம். குழுவைத் தொடங்கும் முன்பே நான் விதி சொல்லியிருக்க வேண்டும். இன்று சேரும்போதே சொல்லிவிடுகிறேன்: பேஷண்ட் படம், பெயர், வீட்டு அடையாளம் எதுவும் குழுவில் வராது; கேட்க வேண்டியதைக் குரலில் கேளுங்கள்.

காகித வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். உத்யம் என்கிற சிறுதொழில் பதிவை ஆதார், பான் வைத்து அரசு இணையதளத்தில் இலவசமாக நாமே செய்துகொள்ளலாம். அதற்குப் பணம் கேட்கும் தளங்கள் நிறைய, ஏமாறாதீர்கள். தொழிலுக்குத் தனி வங்கிக் கணக்கு முதல் நாளே வேண்டும். சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டும்வரை ஜிஎஸ்டி பதிவு எனக்குத் தேவைப்படவில்லை; தாண்டுவதற்கு முன்பே ஆடிட்டரைப் பாருங்கள்.

சான்றிதழ் விஷயத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். அரசு அங்கீகாரச் சான்றிதழுக்கு வழி இருக்கிறது. ஹெல்த்கேர் செக்டார் ஸ்கில் கவுன்சில் வகுத்த "ஜெனரல் டியூட்டி அசிஸ்டன்ட்", "ஹோம் ஹெல்த் எய்ட்" பயிற்சிகள் உள்ளன. தேர்வை வெளியாள் வந்து நடத்துவார். புதிதாக இந்த வேலைக்கு வரும் இளம்பெண்களை நான் அங்கேதான் போகச் சொல்கிறேன். அதற்கான இடமும் கருவிகளும் என் கையில் இல்லை. ஏற்கெனவே பத்து வருடம் வேலையில் இருப்பவர்களுக்குத்தான் என் வகுப்பு. நான் கொடுக்கும் தாளில் எந்தப் பாடம், எத்தனை மணி நேரம், எந்தத் தேதியில் கட்டிலருகே செய்து காட்டினார் என்பது மட்டும் இருக்கும். ஒரு ஏஜென்சி அதில் "ஹோம் நர்ஸிங் கோர்ஸ்" என்று அச்சடித்துத் தந்தால் நூறு பேரை அனுப்புவதாகச் சொன்னது. மறுத்தேன். பதிவு பெறாத ஒருவரை நர்ஸ் என்று நான் எழுதிக் கொடுத்தால், நாளை அவர் கையில் ஒரு ஊசியைக் கொடுப்பவர்களுக்கு நானே சாட்சி ஆகிவிடுவேன். அந்த நூறு பேரின் வருமானம் அந்த வருடம் எனக்கு மிகவும் தேவைப்பட்டது என்பதும் உண்மை.

தாளைக் கொடுப்பதும் வகுப்பு முடிந்த அன்று இல்லை. மூன்று வாரம் கழித்து அவர்கள் வேலை செய்யும் இடத்துக்குப் போய்ப் பார்ப்பேன். யூரின் பை இடுப்புக்குக் கீழே, தரையில் படாமல் தொங்குகிறதா? சோப்புப் போட்டு நாற்பது நொடியாவது கை கழுவுகிறாரா? காந்தம் நகர்ந்திருக்கிறதா? வகுப்பில் முதல் ஆளாகப் பதில் சொன்னவர் வீட்டில் செய்யாமல் இருப்பார். ஒரு வார்த்தை பேசாதவர் அத்தனையும் சரியாகச் செய்திருப்பார். அந்தப் பயணத்துக்குப் பெட்ரோல் செலவு ஆகிறது, கட்டணத்திலேயே சேர்த்துவிட்டேன். அதை மிச்சம் பிடிக்க மட்டும் எனக்கு மனம் வருவதில்லை.

தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியதிலிருந்து, படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு வீட்டுக்கே ஆறுதல் சிகிச்சை நர்ஸும் பிசியோதெரபிஸ்டும் வருகிறார்கள். பல வசதியான வீடுகளுக்கு இது தெரியாது, அல்லது தங்களுக்கு இல்லை என்று நினைக்கிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் எப்படிக் கேட்பது என்பதை அட்டெண்டர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். முதியோருக்கான 14567 உதவி எண்ணும் எங்கள் அட்டையில் இருக்கிறது.

முதல் வருடம் கையில் இருந்ததில் 1,10,000 கரைந்தது. இரண்டாம் வருடம் வரவும் செலவும் சரியாக நின்றது. இப்போது மூன்றாம் வருடம், நைட் டியூட்டியை வாரம் ஒன்றாகக் குறைத்திருக்கிறேன். ஓய்வு பெற்ற இரண்டு சிஸ்டர்களும், பகுதி நேரப் பயிற்சியாளராக அந்த வால்பாறை அக்காவும் என்னோடு இருக்கிறார்கள். துப்பட்டிப் பாடத்தை அவர் எடுத்தால் நான் பின்னால் உட்கார்ந்து கேட்கிறேன்.

போன தை மாதம் "நேற்று ராத்திரி என்ன நடந்தது" என்று கேட்டபோது ஒருவர் எழுந்து, "எங்க அப்புச்சி போயிட்டாருங்க" என்றார். நாலு வருடம் பார்த்துக்கொண்ட பெரியவர். ராத்திரி ஒன்றரைக்கு அவர் கையைப் பிடித்தபடியே மூச்சு நின்றிருக்கிறது. வீட்டாரை எழுப்பியதும் இவர்தான், கண்ணையும் வாயையும் மூடிக் கால்கட்டை விரல்களைக் கட்டியதும் இவர்தான். விடிந்ததும் சொந்தக்காரர்கள் வந்து நிறைய, இவரைப் பின்வாசலில் நிற்கச் சொல்லிவிட்டார்கள். பத்து மணிக்கு ஏஜென்சியிலிருந்து போன்: சிங்காநல்லூரில் புது பேஷண்ட், மதியம் போய்ச் சேர். அவர் பையோடு எங்கள் வகுப்புக்கு வந்திருந்தார். "நான் இன்னும் அழுவவே இல்லீங்க சிஸ்டர்" என்றார்.

அன்று வைத்திருந்த பாடத்தை எடுக்கவில்லை. ஒவ்வொருவராகத் தங்கள் கையில் போனவர்களைப் பற்றிச் சொன்னார்கள். யாரிடமும் அதுவரை சொல்லாதவை. அதிலிருந்து ஒரு வகுப்பை உருவாக்கியிருக்கிறோம். வீட்டில் இறப்பு நெருங்கும்போது மூச்சு எப்படி மாறும், அப்போது வாயில் எதையும் ஊற்றாமல் உதட்டை மட்டும் எப்படி நனைப்பது, யாரை முதலில் கூப்பிடுவது, போன பிறகு எப்படிச் சுத்தம் செய்து உடுத்துவது. கடைசி இருபது நிமிடம் பேசுவதற்கு மட்டும்.

ஏஜென்சிகளுடன் போடும் ஒப்பந்தத்தில் புதிதாக ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: பேஷண்ட் இறந்தால் அட்டெண்டருக்குச் சம்பளத்தோடு இரண்டு நாள் விடுப்பு. நாங்கள் வேலை செய்யும் ஐந்து ஏஜென்சிகளில் இரண்டு கையெழுத்துப் போட்டிருக்கின்றன. மூன்றாவதோடு அடுத்த வியாழக்கிழமை பேசப் போகிறேன். அப்புச்சியைப் பறிகொடுத்த அந்த அக்காவும் கூட வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.